ஆல்ட்டோ: பிரேக்கை விட்ட பிறகும் இடது முன்சக்கரம் பிடித்தே இருக்கிறது, ஹோஸ் காரணமாக இருக்குமா?

வால்பாறைக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். என் வண்டி 2008 மாடல் ஆல்ட்டோ. அப்பா புதிதாக வாங்கியது, ஆறு வருடமாக என் கையில் இருக்கிறது. எனக்கு வேலை வால்பாறையில், வீடு பொள்ளாச்சியில். சனிக்கிழமை மதியம் இறங்கி திங்கட்கிழமை விடியற்காலையில் ஏறுவேன். ஒரு பக்கம் 64 கிலோமீட்டர், நடுவே 40 கொண்டை ஊசி வளைவுகள். பள்ளி விடுமுறை என்றால் மனைவியும் ஐந்து வயது மகளும் கூட வருவார்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாகக் கேட்கிறேன்.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை இறங்கிக்கொண்டிருந்தபோது, ஒன்பதாவது வளைவுப் பக்கம் கருகல் வாசம் வந்தது. கிளட்ச் என்று நினைத்தேன். ஆழியாறு செக்போஸ்ட் தாண்டி நிறுத்திப் பார்த்தால் இடது முன்சக்கரத்திலிருந்து அனல் அடிக்கிறது. பாட்டிலில் இருந்த தண்ணீரை ஊற்றினேன், சுரீரென்று ஆவியாகிப் போனது. வலது சக்கரமும் சூடுதான், ஆனால் ரிம்மில் கை வைக்க முடிந்தது. டீ குடித்துவிட்டு அரை மணி நேரம் கழித்து எடுத்தேன். ஒன்றுமே நடக்காதது போல ஓடியது.

அதற்குப் பிறகு கவனமாக ஓட்டியதில் இவ்வளவு தெரிந்தது. பிரேக்கை மிதித்த உடனே வண்டி லேசாக வலது பக்கம் இழுக்கிறது. காலை எடுத்த பிறகு இடது பக்கம் இழுக்கிறது. நாலைந்து முறை அழுத்தி மிதித்துவிட்டு நியூட்ரலில் விட்டால், சரிவில்கூட உருளத் தயங்குகிறது.

பொள்ளாச்சியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். கேலிப்பரின் (பேட்களை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பகுதி) ரப்பர் சீல் கிட் மாற்றி, அது நகரும் பின்களுக்கு கிரீஸ் போட்டு, புது பேட் போட்டார்கள். 3,800 ரூபாய். இரண்டு வாரம் சுத்தமாக இருந்தது. மூன்றாவது வாரம் மறுபடியும் அதே அனல். இப்போது மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளும் பகுதி) போயிருக்கும் என்கிறார்கள். கூட வேலை பார்க்கும் நண்பர் ஹோஸை, அதாவது கேலிப்பருக்கு ஆயில் கொண்டுபோகும் ரப்பர் குழாயை, பார்க்கச் சொன்னார். குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். வெடிப்பு இல்லை, ஈரம் இல்லை, வீக்கம் இல்லை. வண்டியோடு வந்த அதே ஹோஸ்தான்.

வெளியே நன்றாக இருக்கும் ஹோஸ் இப்படிச் செய்யுமா? மாஸ்டர் சிலிண்டருக்குப் பணம் போடுவதற்கு முன்னால் எது காரணம் என்று உறுதியாகக் கண்டுபிடிக்க வழி உண்டா? ஸ்பேனர் பிடித்துப் பழக்கம் இருக்கிறது. ஆயில், பிளக், பேட் எல்லாம் நானே மாற்றுவேன்.

கோத்தகிரி ஓட்டுநர்:

தம்பி, ஹோஸா சிலிண்டரா என்பதை அண்ணன்மார்கள் சொல்வார்கள். நான் சொல்ல வந்தது வேறு. இது சரியாகும் வரை அந்த வண்டியில் மலை இறங்காதீர்கள். பஸ்ஸில் போய்வாருங்கள்.

சக்கரம் பிடித்துக்கொண்டே வந்தால் டிஸ்க் சூடாகும், அந்தச் சூடு கேலிப்பருக்குள் இருக்கும் பிரேக் ஆயிலுக்குப் போகும். புதிய டாட் 3 (பிரேக் ஆயிலின் ஒரு தரம்) ஆயில் 205 டிகிரி வரை கொதிக்காது. பழைய ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும், தண்ணீர் ஏற ஏற அந்த அளவு 140 டிகிரி வரை இறங்கிவிடும். உங்கள் ஊர் மழையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ் உண்டாகும். ஆயிலை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கிவிடலாம். பெடல் சர்ரென்று கீழே போகும், வண்டி நிற்காது.

எனக்கு இது ஒரு முறை நடந்திருக்கிறது. மேட்டுப்பாளையம் இறங்கும் வழியில், பின்னால் நான்கு பேர். பெடல் தரைக்குப் போய்விட்டது. இரண்டாவது கியரிலிருந்து முதல் கியருக்குத் தள்ளி, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மலைப் பக்கத்து மண்மேட்டில் ஒட்டி நிறுத்தினேன். கால் நடுக்கம் நிற்க ஒரு மணி நேரம் ஆனது.

அப்புறம், சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள். டிஸ்க் கோணிப் போகும், விரிசலும் விடலாம். நிழலில் நிறுத்தித் தானாக ஆற விடுங்கள்.

தூத்துக்குடி பழைய மெக்கானிக்:

தம்பி, நீங்கள் எழுதியதில் ஒரு வரியைப் படித்ததுமே எனக்கு ஹோஸ் மேல்தான் சந்தேகம் வந்தது. மிதித்தவுடன் வலது பக்கம், விட்டவுடன் இடது பக்கம் என்றீர்களே, அந்த வரி. இடது சக்கரத்துக்கு அழுத்தம் தாமதமாகப் போய்ச் சேருகிறது, அதனால் முதலில் வலது சக்கரம் மட்டும் பிடித்து வண்டியை அந்தப் பக்கம் இழுக்கிறது. விட்ட பிறகு இடது பக்கத்து அழுத்தம் தாமதமாகத் திரும்புகிறது, அதனால் அந்தப் பக்கம் இழுக்கிறது. போகும் வழியும் வரும் வழியும் ஒன்றுதான், அந்த வழி குறுகிவிட்டது.

முப்பது வருடம் இந்த வேலை செய்தவன் என்ற உரிமையில் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

வெளியே பார்க்கும் கறுப்பு ரப்பர் ஹோஸின் சட்டை மட்டும்தான். அதற்குள் நூல் பின்னல் இருக்கும். அழுத்தத்தைத் தாங்குவது அந்தப் பின்னல். அதற்கும் உள்ளே ஒரு மெல்லிய ரப்பர் குழாய், அதன் துளை சுமார் 3 மில்லிமீட்டர். பிரேக் ஆயில் ஓடுவது அதற்குள். வயதானால் இந்த உள் குழாய் உப்பிப் போகும், அல்லது உள்ளே தோல் கிழிந்து ஒரு நாக்கு போலத் தொங்கும். வெளியே டார்ச் அடித்தால் எப்படித் தெரியும்?

சரி, அழுத்தம் போகிறதே, ஏன் வரமாட்டேன் என்கிறது? நீங்கள் மிதிக்கும்போது பின்னால் பூஸ்டரின் (மிதிக்கும் பலத்தைப் பெருக்கும் பகுதி) பலமும் சேர்ந்து தள்ளுகிறது. அந்த வேகத்தில் ஆயில் நாக்கைத் தள்ளிக்கொண்டு போய்விடும். காலை எடுத்த பிறகு ஆயிலைத் திருப்பி அனுப்ப என்ன பலம் இருக்கிறது? டிஸ்க் பிரேக்கில் ஸ்பிரிங் கிடையாது. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் சதுர சீல், மிதிக்கும்போது கொஞ்சம் முறுக்கிக்கொண்டு, விட்டதும் பழைய நிலைக்கு வரும். அந்தச் சின்ன இழுப்புதான் பிஸ்டனை மயிரிழை அளவு பின்னுக்குக் கொண்டுவருகிறது. அடைத்த ஹோஸை அது திறக்காது. ஆயில் கசிந்து கசிந்து திரும்ப நேரம் எடுக்கும். நீங்கள் டீ குடித்த அரை மணி நேரத்தில் நடந்தது அதுதான்.

கேலிப்பர் கிட் போட்ட பிறகு இரண்டு வாரம் நன்றாக இருந்தது பற்றியும் யோசித்தேன். கிட் மாற்ற ஹோஸைக் கழற்றியிருப்பார்கள், ஏர் எடுக்கும்போது (குழாய்க்குள் இருக்கும் காற்றை வெளியேற்றும்போது) ஆயிலை வேகமாக ஓட விட்டிருப்பார்கள். அதில் அந்த நாக்கு ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கலாம். பிறகு பழைய இடத்துக்கு வந்திருக்கும். அவர்கள் ஏமாற்றினார்கள் என்று நான் சொல்லமாட்டேன். பின் இறுகிப் போவதும் இதே அறிகுறியைத்தான் காட்டும்.

ஆனால் சந்தேகத்தில் பொருள் வாங்கக் கூடாது. ஒரு சோதனை சொல்கிறேன், வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

சமதளத்தில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கையை நீட்டாதீர்கள், இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். சக்கரத்தைக் கழற்றி, கண்ணாடி மாட்டிக்கொள்ளுங்கள். நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டு, பெடலை ஐந்தாறு முறை பலமாக மிதித்து விடுங்கள். எஞ்சினை நிறுத்தி இடது டிஸ்க்கைக் கையால் சுற்றிப் பாருங்கள். பிடித்திருக்கிறதா? பிடித்திருந்தால்தான் சோதனை.

இப்போது இரும்புக் குழாயும் ஹோஸும் சேரும் இடத்தில், மேலே பாடியில் பிராக்கெட் இருக்குமே, அங்கே இருக்கும் நட்டை அரைச் சுற்று தளர்த்துங்கள். அப்போதே சக்கரம் விட்டுவிட்டால், அழுத்தம் மேலேயிருந்து வருகிறது என்று அர்த்தம். மாஸ்டர் சிலிண்டரின் திரும்பும் துளை அடைத்திருக்கும், அல்லது பெடலிலிருந்து அதைத் தள்ளும் புஷ் ராடுக்கு இடைவெளி இல்லாமல் இருக்கும். விடவில்லை என்றால் அந்த நட்டை இறுக்கிவிட்டு, கேலிப்பரில் இருக்கும் பிளீடரை (ஆயிலையும் காற்றையும் வெளியே விடும் சிறு திருகு) திறங்கள். சிறு பீய்ச்சலோடு சக்கரம் விட்டுவிட்டால் அழுத்தம் ஹோஸுக்கும் கேலிப்பருக்கும் நடுவே சிறைப்பட்டிருந்தது. குற்றவாளி ஹோஸ்தான். அப்போதும் விடவில்லை என்றால் ஆயிலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பிஸ்டனோ பின்னோ இறுகியிருக்கிறது.

பிளீடரை முதலில் திறந்துவிட்டால் மூன்றில் எது என்று தெரியாமல் போய்விடும். அதனால்தான் வரிசை முக்கியம் என்றேன்.

இன்னொன்று. மாஸ்டர் சிலிண்டருக்கு ஆயில் தரும் டப்பாவின் மூடியைக் கழற்றி அதிலுள்ள ரப்பரைப் பாருங்கள். பெரிதாகி, அலை அலையாக, மூடிக்குள் திரும்ப உட்காராமல் இருந்தால் யாரோ எஞ்சின் ஆயிலோ பவர் ஸ்டீரிங் ஆயிலோ ஊற்றியிருக்கிறார்கள். பிரேக் ரப்பருக்கு அந்த எண்ணெய் விஷம். அப்படி என்றால் ஒரு ஹோஸோடு முடியாது, ஆயில் பட்ட ரப்பர் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும். அப்படி இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன்.

எங்கள் ஊர்க் கதை ஒன்று. தினமும் உப்பளத்துக்குப் போய்வரும் ஒரு வண்டிக்கு இதே தொல்லை. ரப்பர் புதிது போல மினுமினுத்தது. கழற்றிப் பார்த்தால், ஹோஸின் நடுவில் பிராக்கெட் பிடிப்பதற்காக ஒரு இரும்பு வளையம் இருக்கும், அந்த வளையத்துக்கு உள்ளே துரு ஏறி ஏறிப் பருத்து, ஹோஸைக் கழுத்தை நெரிப்பது போல நெரித்திருந்தது. இரும்பைவிடத் துருவுக்கு இடம் அதிகம் வேண்டும் இல்லையா. அந்த ஹோஸை நெடுக அறுத்து இன்றும் மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன். பட்டறைக்கு வரும் பையன்களுக்கு அதைத்தான் முதலில் காட்டுவேன். நீங்களும் வயர் பிரஷ்ஷால் அந்த இடத்தைத் தேய்த்துப் பாருங்கள்.

வால்பாறைக்காரன்:

அண்ணாச்சி, நேற்று ஞாயிற்றுக்கிழமை செய்து பார்த்தேன். (சனிக்கிழமை பஸ்ஸில்தான் வந்தேன். வண்டி முந்தின வாரமே பொள்ளாச்சி வீட்டில் நின்றுவிட்டது.)

எஞ்சினை ஓடவிட்டு ஆறு முறை மிதித்தேன். டிஸ்க்கை இரண்டு கையால் பிடித்துத் திருப்பியும் அசையவில்லை. வலது பக்கம் லேசான உரசலோடு சுற்றியது. மேல் நட்டைத் தளர்த்தினேன். நாலு சொட்டு ஆயில் வந்தது, சக்கரம் அப்படியே பிடித்திருந்தது. இறுக்கிவிட்டு பிளீடரைத் திறந்தேன். ஒரு பீய்ச்சு, என் கண்ணாடியில் பட்டது. டிஸ்க் உடனே விட்டுவிட்டது, ஒரு விரலால் சுற்ற முடிந்தது. நீங்கள் எழுதியதைப் படித்திருந்தும், கண்ணெதிரே நடந்தபோது சிலிர்த்துவிட்டது.

மூடி ரப்பர் சரியான அளவில், பழைய வடிவத்தில்தான் இருக்கிறது. ஆயில் மட்டும் டிகாக்‌ஷன் நிறம்.

கேலிப்பர் வேலைக்குக் கொடுத்தபோது ஒன்றைப் பார்த்தது இப்போது நினைவுக்கு வருகிறது. பேட் மாற்றும்போது கேலிப்பரைக் கழற்றி ஹோஸிலேயே தொங்கவிட்டிருந்தார்கள். அதனால் இப்படி ஆகுமா? அப்புறம், ஹோஸ் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும், மாற்றும்போது எதில் கவனம் வேண்டும் என்று சொன்னால் அடுத்த வாரமே முடித்துவிடுவேன்.

கோவை ஸ்பேர்ஸ் கவுண்டர்:

அண்ணா, வாங்குவது பற்றி நான் சொல்கிறேன். கோவையில் ஒரு ஸ்பேர்ஸ் கடையில் பன்னிரண்டு வருடமாகக் கவுண்டரில் இருக்கிறேன்.

இடது, வலது இரண்டும் வேறு வேறு பார்ட் நம்பராக இருக்கலாம். சேசிஸ் நம்பர் தெரியும்படி ஆர்.சி.யை எடுத்துப் போங்கள், மாடல் வருடம் மட்டும் சொன்னால் போதாது. இரண்டு முன் ஹோஸையும் சேர்த்தே வாங்குங்கள். இரண்டும் ஒரே நாளில் பிறந்தவை, ஒன்று போனால் அடுத்ததும் போகும். ஒரு பக்கம் புதிது, ஒரு பக்கம் பழையது என்று மலையில் ஓட்ட வேண்டாம். பின்பக்க ஹோஸையும் கையோடு பார்த்துவிடுங்கள்.

கையில் வாங்கியதும் ஹோஸின் மேல் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். தயாரித்தவர் குறி, தேதி, எஸ்.ஏ.இ. ஜே1401 அல்லது ஐ.எஸ். 7079 என்ற தர எண் இருக்க வேண்டும். ஒன்றுமே அச்சடிக்காத மொட்டை ஹோஸ் கொடுத்தால் திருப்பிக் கொடுங்கள், விலை குறைவு என்று ஆசைப்பட வேண்டாம். கடை வாசலில் வெயிலில் தொங்கவிட்டிருந்த ஹோஸும் வேண்டாம். இரண்டு முனையிலும் பிளாஸ்டிக் மூடி இருக்கிறதா என்று பாருங்கள், மூடி இல்லாமல் கிடந்தால் உள்ளே தூசி போயிருக்கும். செம்பு வாஷர் ஹோஸோடு வராவிட்டால் ஒரு பக்கத்துக்கு இரண்டு, ஆக மொத்தம் நான்கு, தனியாகக் கேட்டு வாங்குங்கள். இதை மறந்துவிட்டு ஒரு வாஷருக்காக மறுபடி கடைக்கு வருபவர்களை நான் நிறையப் பார்க்கிறேன்.

ஒரு விஷயம் மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பொருள் கிடைக்கவில்லை என்று ஜே.சி.பி.க்கு ஹோஸ் பிரஸ் செய்யும் கடையில் கொடுத்து, பழைய முனையை வைத்து அடித்துக்கொண்டு வருகிறார்கள். அந்த ஹோஸ் எவ்வளவு அழுத்தம் தாங்கினாலும் பிரேக்குக்கு ஆகாது. ஹைட்ராலிக் ஹோஸின் உள் ரப்பர் பெரும்பாலும் நைட்ரைல், அது மினரல் ஆயிலுக்கானது. பிரேக் ஆயில் பட்டால் கெட்டுப்போகும். பிரேக் ஹோஸின் ரப்பர் இ.பி.டி.எம்., அதற்கு நேர் எதிர், பிரேக் ஆயிலைத் தாங்கும், மினரல் ஆயிலைத் தாங்காது. பார்க்க இரண்டும் கறுப்பு ரப்பர்தான்.

ஆயில் சின்ன டப்பாவாக, சீல் உடைக்காததாக வாங்குங்கள். உங்கள் மூடியில் டாட் 3 என்று போட்டிருக்கும், அதையே போடலாம். டாட் 4 ஊற்றினாலும் ஒத்துப்போகும், கொதிநிலை அதிகம். டாட் 5 என்று ஒன்று உண்டு, அது சிலிக்கோன், அதைத் தொடாதீர்கள்.

தூத்துக்குடி பழைய மெக்கானிக்:

தங்கச்சி சரியாகச் சொல்லிவிட்டது. ஜே.சி.பி. ஹோஸ் விஷயத்தை எத்தனை பேரிடம் சொன்னாலும் தகும்.

தம்பி, கேலிப்பரை ஹோஸில் தொங்கவிடுவது ஒரு பெரிய பாவம். அதன் எடை முழுவதும் ஹோஸின் முனையில், மடிப்பில் விழுகிறது. உள் குழாய் கிழிவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். பதினேழு வயது ஹோஸ் ஏற்கெனவே பலவீனம், உங்களுக்கு அனல் அடித்ததும் அந்த வேலைக்கு முன்னால். அதனால் தொங்கவிட்டது மூலகாரணம் இல்லை, இருந்த நோயை அதிகமாக்கியிருக்கும். ஒரு துண்டுக் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிட்டால் முடிந்தது. ஆயில் சொட்டாமல் இருக்க ஹோஸை வைஸ் கிரிப்பால் நெரிப்பவர்களும் இருக்கிறார்கள். அதுவும் அதே கேடு.

இனி மாற்றும் முறை. முதல் நாள் இரவே இரும்புக் குழாயின் நட்டை வயர் பிரஷ்ஷால் சுத்தம் செய்து துரு விடும் ஸ்பிரே அடித்து வையுங்கள். இந்த வேலையில் மனிதரை அழவைப்பது அந்த ஒரு நட்டுதான். சாதாரண ஓப்பன் ஸ்பேனர் போட்டால் முனை மழுங்கிவிடும், அப்புறம் இரும்புக் குழாயையே மாற்ற வேண்டி வரும். 10 மில்லிமீட்டர் ஃபிளேர் நட் ஸ்பேனர் ஒன்று வாங்குங்கள். ரிங் ஸ்பேனர் மாதிரியே இருக்கும், குழாய் நுழைய ஒரு வெட்டு இருக்கும். ஹோஸின் முனையை இன்னொரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருப்புங்கள். நட்டோடு சேர்ந்து குழாயும் திரும்புகிறதா என்று கண் அங்கேயே இருக்கட்டும். திரும்பினால் நிறுத்தி, மறுபடி ஸ்பிரே அடித்து, முன்னும் பின்னும் சிறிது சிறிதாக ஆட்டித்தான் எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் குழாய் முறுக்கி ஒடிந்துவிடும்.

நட்டு விட்டதும் பிராக்கெட்டில் இருக்கும் கிளிப்பை பிளையரால் இழுத்து எடுங்கள். அப்புறம் கேலிப்பரில் ஹோஸைப் பிடித்திருக்கும் பான்ஜோ போல்ட்டைக் கழற்றுங்கள். ஆயில் ஓடிக்கொண்டே இருக்காமலிருக்க ஒரு வழி உண்டு: பெடலை ஒரு இரண்டு அங்குலம் அழுத்தி, பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவே ஒரு கட்டையை முட்டுக்கொடுத்து நிறுத்துங்கள். மாஸ்டர் சிலிண்டரின் துளை மூடிக்கொள்ளும், டப்பாவிலிருந்து ஆயில் இறங்காது. பிரேக் லைட் எரிந்துகொண்டே இருக்கும், பேட்டரி ஒயரைக் கழற்றி வைத்துவிடுங்கள். பெயின்ட்டில் ஆயில் சிந்தினால் துணியால் தேய்க்காதீர்கள், உடனே நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். விட்டால் பெயின்ட்டை உரித்துவிடும்.

புது ஹோஸை மாட்டும்போது மேல் நட்டை முதல் நாலு மரை கையாலேயே ஏற்றுங்கள். கை நுழையாத இடம், விரல் வலிக்கும், பரவாயில்லை. ஸ்பேனரால் ஆரம்பித்தால் மரை குறுக்கே ஏறிவிடும். கேலிப்பரில் பான்ஜோவுக்கு மேலே ஒரு செம்பு வாஷர், கீழே ஒன்று. பழைய வாஷர் ஏற்கெனவே நசுங்கிய வாஷர், மறுபடி அது அடைக்காது. டார்க் ரெஞ்ச் இருந்தால் பான்ஜோ போல்ட்டுக்கு 20 முதல் 25 நியூட்டன் மீட்டர், மேல் நட்டுக்கு சுமார் 15 நியூட்டன் மீட்டர். உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகம் கிடைத்தால் அதில் உள்ளதே கடைசி வார்த்தை. இது சின்ன போல்ட், நடுவில் துளை உள்ளது. சக்கர நட்டை முறுக்குவது போல முறுக்கினால் ஒடியும்.

எல்லாம் மாட்டியதும் ஹோஸின் மேல் ஓடும் கோட்டைப் பாருங்கள். அது நேராக ஓட வேண்டும். கோடு கொடி போலச் சுற்றிக்கொண்டு போனால் ஹோஸ் முறுக்கியிருக்கிறது, கழற்றி மறுபடி மாட்டுங்கள். பிறகு ஸ்டீரிங்கை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் திருப்பி, ஹோஸ் டயரிலோ ஸ்பிரிங்கிலோ உரசுகிறதா என்று பாருங்கள். சக்கரம் தொங்கும்போது ஒரு முறை, வண்டி தரையில் நிற்கும்போது ஒரு முறை.

ஏர் எடுக்க வீட்டில் யாரையாவது பெடலில் உட்கார வையுங்கள். ஆயில் அவ்வளவு கறுத்திருப்பதால் நான்கு சக்கரத்துக்கும் எடுத்து முழுக்கப் புது ஆயில் வரும் வரை விடுங்கள். மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் ஆரம்பியுங்கள்: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. டப்பா காலியாக விடக் கூடாது. இன்னொரு முக்கியமான விஷயம், பெடலுக்கு அடியில் ஒரு மரத்துண்டு வையுங்கள். இத்தனை வருடமும் மாஸ்டர் சிலிண்டரின் சீல் பாதி தூரம்தான் போய் வந்திருக்கிறது. மீதிப் பாதியில் துருவும் அழுக்கும் இருக்கும். பெடலைத் தரை வரை மிதித்தால் சீல் அதில் உரசிக் கிழியும். நல்ல மாஸ்டர் சிலிண்டரை இப்படியே கெடுத்துவிட்டு, ஹோஸ் மாற்றியதால் கெட்டது என்று சொல்லிக்கொண்டு வருவார்கள்.

முடிந்ததும் எஞ்சினை ஓடவிட்டு ஒரு நிமிடம் பெடலைப் பலமாக அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் கீழே படுத்து நான்கு இணைப்பையும் உலர்ந்த விரலால் தொட்டுப் பாருங்கள். பெடல் மெல்ல மெல்ல இறங்கக் கூடாது, விரலில் ஈரம் படக் கூடாது.

மதுரை ஸ்விஃப்ட்:

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். என் வண்டியில் ஏ.பி.எஸ். (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) இருக்கிறது. இதே முறைதானா?

தூத்துக்குடி பழைய மெக்கானிக்:

ஹோஸ் மாற்றுவது இதே முறைதான். ஆனால் டப்பா காலியாகி ஏ.பி.எஸ். யூனிட்டுக்குள் காற்று போய்விட்டால் கையால் முழுக்க எடுக்க முடியாமல் போகலாம், ஸ்கேனர் வைத்து உள்ளே இருக்கும் வால்வுகளை இயக்கித்தான் எடுக்க வேண்டியிருக்கும். டப்பாவைக் கவனித்துக்கொண்டால் பெரும்பாலும் அந்தத் தொல்லை வராது.

வால்பாறைக்காரன்:

அண்ணாச்சி, முடித்துவிட்டேன். பொறுமையாக, ஒரு முழு நாள் எடுத்துக்கொண்டு.

ஹோஸ் கோவையிலிருந்து வரவழைத்தேன், ஒன்று 400 ரூபாய்க்குள்தான். தங்கச்சி சொன்னபடி இடது வலது வேறு நம்பர், தேதி அச்சடித்திருந்தது, இரண்டு முனையிலும் மூடி இருந்தது. இடது பக்க நட்டு சுலபமாக வந்துவிட்டது. வலது பக்கம்தான் பாடாய்ப் படுத்தியது. நட்டோடு குழாய் திரும்ப ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டேன். ஸ்பிரே அடித்து, சாப்பிட்டுவிட்டு வந்து, முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டி முக்கால் மணி நேரத்தில் எடுத்தேன். நீங்கள் எச்சரிக்காமல் இருந்தால் அன்று அந்தக் குழாயை ஒடித்திருப்பேன்.

ஏர் எடுக்க மனைவி பெடலில் உட்கார்ந்தாள். மகள் பக்கத்தில் நின்று, நான் “மிதி” என்றால் “அம்மா, மிதி!” என்றும் “பிடி” என்றால் “அம்மா, பிடி!” என்றும் திருப்பிச் சொன்னாள். பின் இடது சக்கரத்திலிருந்து வந்த ஆயில் கறுப்பு. முன் வலது முடியும்போது தேன் நிறத்துக்கு வந்துவிட்டது.

பழைய இடது ஹோஸை பிளேடால் நெடுக அறுத்துப் பார்த்தேன். கேலிப்பர் பக்க முனையிலிருந்து இரண்டு விரல் தூரத்தில் உள் ரப்பர் உரிந்து, அரிசி மணி அளவு ஒரு நாக்கு துளையை மூடிக்கொண்டு நிற்கிறது. அறுப்பதற்கு முன் ஒரு பக்கமிருந்து வாயால் ஊதினேன், காற்று போனது. மறுபக்கமிருந்தும் ஊதிப் பார்த்தேன், போகவே இல்லை. (சோப்புத் தண்ணீரில் கழுவிய பிறகுதான் ஊதினேன், கவலைப்பட வேண்டாம்.) வலது ஹோஸில் நாக்கு இல்லை, ஆனால் பிராக்கெட் வளையத்துக்குள் துரு ஏறத் தொடங்கியிருந்தது.

இன்று காலை தனியாக மலை ஏறி, மதியம் வெறும் வண்டியாக இறங்கிப் பார்த்தேன். இரண்டாவது கியரிலேயே வந்தேன். அட்டகட்டியில் ஒரு முறை, ஒன்பதாவது வளைவில் ஒரு முறை, கீழே செக்போஸ்ட்டில் ஒரு முறை நிறுத்தி இரண்டு ரிம்மையும் தொட்டுப் பார்த்தேன். மூன்று இடத்திலும் இரண்டு பக்கமும் ஒரே சூடு. மிதிக்கும்போது வண்டி எந்தப் பக்கமும் இழுக்கவில்லை.

பின்பக்க ஹோஸை இன்னும் தொடவில்லை. வெளியே நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இனி அந்த வார்த்தையை நம்பப் போவதில்லை. ஆர்டர் போட்டுவிட்டேன், அடுத்த ஞாயிறு மாற்றுகிறேன். அதுவரை மனைவியும் மகளும் பஸ்ஸில்.

தூத்துக்குடி பழைய மெக்கானிக்:

சந்தோஷம் தம்பி. அந்த அறுத்த ஹோஸைத் தூக்கிப் போடாதீர்கள். பொள்ளாச்சி ஒர்க்‌ஷாப்காரரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். சண்டை போட அல்ல, அடுத்து இதே தொல்லையோடு வருபவருக்கு அவர் முதலில் ஹோஸைப் பார்ப்பார். அப்புறம், ஒரு வாரம் ஓட்டிய பிறகு நான்கு இணைப்பையும் மறுபடி ஒரு முறை விரலால் தொட்டுப் பாருங்கள்.